பச்சையம்மா தூக்கிக்கொண்டு போன இரண்டாயிரம் ஜிபி

துறைமுகத்துக்குள் நுழைய முடியாமல் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் வரைக்கும் வரிசைகட்டி நிற்பதை வடசென்னையில் பார்க்காதவர்கள் கிடையாது. அவை நிற்பதைக் கவனிப்பதற்கென்றே ஒரு வாரியம் இருப்பதுதான் பலருக்குத் தெரியாது. துறைமுகப் பின்புல ஒருங்கிணைப்பு வாரியம் என்று பெயர். அதன் வடக்கு மண்டல அலுவலகம் டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. வாரியத்தின் கேமராக்கள் லாரிகள் நிற்பதைப் படம் பிடிக்கும். படம் அலுவலகத்திலிருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் போய்ச் சேரும். அதை யாரும் போட்டுப் பார்த்ததில்லை. லாரிகளை நகரவைப்பது வாரியத்தின் வேலையா என்று ஒருமுறை ஒரு பத்திரிகைக்காரர் கேட்டபோது, அது வேறு துறை என்று பதில் கொடுத்தார்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு நோயல். ராயபுரத்துக்காரன், இளநிலை உதவியாளன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. அவனுடைய நாற்காலி கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டர், அலுவலகம் திறந்த அன்றைக்கு வாங்கியது. அதற்குப் பிறகு அலுவலகத்தின் கூரையையே இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டரை மாற்ற முடியவில்லை. மாற்றவேண்டுமானால், கழிவுசெய்யும் குழு கூடி அது பயனற்றது என்று அறிவிக்கவேண்டும். குழுவின் தலைவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். புதிய தலைவரைக் குழு கூடித்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். குழுவைக் கூட்டுவதற்குத் தலைவர் வேண்டும்.

ஆனால் ஹார்ட் டிஸ்க் வாங்க எந்தத் தடையும் இல்லை. கம்ப்யூட்டர் வாரியத்தின் சொத்து. ஹார்ட் டிஸ்க் தீர்ந்துபோகும் பொருள். பினாயில், துடைப்பம், குழல்விளக்கு இவற்றோடு அதுவும் ஒரே தலைப்பில் வந்தது. படம் நிரம்பி இடமில்லாமல் போனபோது, மூவாயிரம் ஜிபி கொள்ளும் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கலாம் என்று நோயல் குறிப்பு எழுதினான். குறிப்பு மேசை மேசையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, மழைக்காலம் முழுவதையும் கழித்துவிட்டுத் திரும்பி வந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவன் லியோனார்டின் கடைக்குப் போனான். லியோனார்டு பள்ளிக்கூடத்துத் தோஸ்து. டோல்கேட்டில் பழைய கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுத்துப் பிழைப்பவன்.

"உங்க ஆபீஸ் டப்பாவுக்கா மூவாயிரம்?" என்றான் லியோனார்டு. "வேணாம் மாமு. அதுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதத் தாண்டிச்சின்னா பழசெல்லாம் மறந்துட்டு முதல்லேர்ந்து எண்ண ஆரம்பிச்சிடும். மேல கீற கொஞ்சூண்டு மட்டும்தான் காட்டும். ரெண்டாயிரத்துலயே ஒண்ணு வாங்கினு போ."

நோயல் கையிலிருந்த குறிப்பைப் பார்த்தான். மூன்றை இரண்டாக்கவேண்டுமானால் அத்தனை மேசைக்கும் மறுபடி போகவேண்டும். ஒவ்வொரு மேசையிலும், முதலில் ஏன் தப்பாக எழுதினாய் என்று கேட்பார்கள்.

"பரவால்ல, மூணே குடு. பார்த்துக்கலாம்" என்றான்.

டிஸ்க்கைப் பொருத்திய நாளன்று சின்ன விழா நடந்தது. இணை இயக்குநர் சுகிர்தம் மேடம் ரிப்பன் வெட்டினார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மேடை இல்லாத இடத்திலும் மேடையில் நிற்பதுபோலவே பேசுவார்.

"இதுவரை நம் அலுவலகத்தில் இடமில்லை, இடமில்லை என்றார்கள்" என்றார் மேடம். "இன்று இடம் வந்துவிட்டது. அதில் எதை வைப்பது என்று நாம் கவலைப்படவேண்டியதில்லை. தலைமையகம் சொல்லும். சொல்லாவிட்டாலும் இடம் நம்முடையதுதான்."

கைதட்டினார்கள். நோயல் கம்ப்யூட்டரைப் போட்டான். திரை மெதுவாக வெளுத்து, புதிய டிஸ்க்கில் எழுநூற்று நாற்பத்தாறு ஜிபி இருப்பதாகக் காட்டியது.

கண்காணிப்பாளர் சுயம்பு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். தவறு கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்த மனிதர். கிடைக்காத நாட்களில் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"வாங்கினது மூவாயிரம். இருக்கறது எழுநூத்திச் சொச்சம். மிச்சம் எங்கவே?"

எல்லோரும் நோயலைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் லியோனார்டு சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம். அவன் வாயில் வேறு ஒன்று வந்தது.

"நேத்து பெட்டியப் பிரிச்சு வச்சப்ப சரியாத்தான் சார் இருந்தது. அதுக்கப்புறம்... காலையில பெருக்க வர்ற அம்மா தவிர யாரும் உள்ள போகல."

சுயம்பு எழுதிக்கொண்டார். சொல்லி முடித்த கணமே அதைத் திரும்ப விழுங்கவேண்டும்போல நோயலுக்கு இருந்தது. ஆனால் அது வாயை விட்டுக் கோப்புக்குள் போய்விட்டது. கோப்புக்குள் போனதை எடுக்கவும் குறிப்பு எழுதவேண்டும்.

அந்த அம்மா பச்சையம்மா. ஒப்பந்தத்தில் துப்புரவு வேலைக்கு வருபவள். காசிமேட்டுக்காரி. விடியலில் தங்கச்சியோடு மீன் ஏலத்துக்குப் போய்விட்டு, நேராக அலுவலகத்துக்கு வந்து பெருக்கித் துடைப்பாள். நோயலுக்குக் காய்ச்சல் வந்த சமயம் சுறாப்புட்டு செய்து கொண்டுவந்தவள்.

விசாரணை மறுநாளே தொடங்கியது. வாசல் காவலாளியைக் கூப்பிட்டு, பச்சையம்மா போகும்போது பை கனமாக இருந்ததா என்று சுயம்பு கேட்டார். ஒரு நாள் கனமாக இருந்தது, உள்ளே சங்கரா மீன் இருந்தது என்றான் அவன். மீனுக்கு அடியில் பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றான். "மீனுக்கு அடியில் சோதிக்கப்படவில்லை" என்று பதிவாயிற்று.

பச்சையம்மாவை வேலைக்கு வரவேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். அவள் நேராக மாடியேறி நோயலிடம்தான் வந்தாள்.

"இன்னா நைனா, நா எத்தயோ தூக்கினு பூட்டேன்றாங்களே. இன்னா சாமான் அது? இரும்பா, பித்தளையா?"

"சாமான் இல்லக்கா. அது... இடம்."

"இடமா? பட்டா போட்ட இடமா?"

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற இடம்க்கா."

"அத்தினூண்டு டப்பாக்குள்ள கீற இடத்த நா தூக்கினு போயி இன்னா பண்ணப்போறேன்? வூடா கட்டப்போறேன்?" குரல் கொஞ்சம் இறங்கியது. "நெஜமாத்தான் கேக்கறேன் நைனா. அது எப்பிடி இருக்கும்னு சொல்லு. வூட்ல தேடியாச்சும் பாக்கறேன். பெருக்க சொல்லோ முந்தானையில கிந்தானையில ஒட்டிகினு வந்துட்ச்சோ இன்னாவோ."

நோயலால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் சொல்றேன்க்கா, பேசிப் பார்க்கறேன்" என்று மேசையைப் பார்த்துச் சொன்னான். "நீ படிச்சவன், நீ சொன்னா கேப்பாங்க" என்று நம்பிக்கையோடு அவள் இறங்கிப் போனாள்.

அவன் பேசுவதற்குள் சுயம்பு அவள் வீட்டைச் சோதிக்கக் கிளம்பிவிட்டார். தொழில்நுட்ப சாட்சி என்று நோயலையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். காசிமேட்டில் மீன் கூடைகளுக்கு நடுவே இருந்த ஒற்றை அறை வீடு. சுயம்பு கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அரிசி டின்னுக்குள் கையை விட்டார். தண்ணீர்க் குடத்தை எட்டிப் பார்த்து, "நனைஞ்சா கெட்டுப்போயிருக்கும், இதுல வச்சிருக்க மாட்டா" என்று தானே முடிவு செய்தார். கடைசியில் பச்சையம்மாவின் மகள் மாயாவின் போனை வாங்கி, அதற்குள்ளிருந்த மெமரி கார்டை நகத்தால் நெம்பி எடுத்தார். அதன்மேல் அறுபத்துநான்கு ஜிபி என்று அச்சிட்டிருந்தது.

"இருக்குல்லா!" என்றார் வெற்றியோடு.

"சார், அதுல என் வளகாப்பு போட்டோ கீது சார்" என்றாள் மாயா. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள்.

"போட்டோவை ஆராய்ந்து பார்ப்போம்" என்றார் சுயம்பு. கார்டை உறையில் போட்டு அரக்கு வைத்தார். களவுபோனதில் ஒரு பகுதி மீட்கப்பட்டது.

வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. "இன்னா பச்ச, கெவுருமென்ட் கம்ப்யூட்டரயே கவ்விட்டியாமே" என்று எவனோ கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள். மீன் வெட்டும் கத்தியை ஓங்கிக்கொண்டு ஏலத்தில் ஆண்களோடு சண்டை போடுகிற பச்சையம்மா, அன்றைக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலையே அவன் மேடத்தின் அறைக்குப் போனான். லியோனார்டு சொன்னதை முழுக்கச் சொன்னான். யாரும் எதையும் எடுக்கவில்லை, டிஸ்க்கில் எல்லாம் அப்படியே இருக்கிறது, பழைய கம்ப்யூட்டருக்கு அவ்வளவு எண்ணத் தெரியவில்லை, இது தெரிந்தும் நான்தான் வாங்கிவந்தேன் என்றான்.

சுகிர்தம் மேடம் பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது, இருக்கிறது, ஆனால் தெரியவில்லை என்கிறீர்கள்."

"ஆமாம் மேடம்."

"நோயல், நான் இந்த வாரியத்தில் இருபது வருடங்களாக இருக்கிறேன். இங்கே தெரிவதுதான் இருப்பது. கம்ப்யூட்டர் வாரியத்தின் சொத்து. அது எழுநூற்று நாற்பத்தாறு என்று எழுத்தில் காட்டுகிறது. நீங்கள் மூவாயிரம் என்று வாயால் சொல்கிறீர்கள். நான் எதை நம்பவேண்டும்? கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியாது என்று நான் ஒப்புக்கொண்டால், இத்தனை வருடம் அது எண்ணியதெல்லாம் என்ன ஆவது? நம் ஆண்டறிக்கை என்ன ஆவது? சொத்துக்கு எண்ணத் தெரியுமா தெரியாதா என்று சொல்லும் அதிகாரம் கழிவுசெய்யும் குழுவுக்குத்தான் உண்டு."

"பாவம் மேடம், அந்தம்மா..."

"உங்கள் இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு பொருள் காணாமல் போனால், அதை எடுத்தவர் ஒருவர் இருந்தாகவேண்டும். இல்லாவிட்டால் கோப்பை எப்படி முடிப்பது?"

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்து போனபோது நோயல் எழுந்திருக்கவில்லை. பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக்கூடாது என்று முட்டிபோட்டபடியே இருந்தான். மனைவி சாண்ட்ரா தனியாகப் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள்.

"இன்னா பண்ணி வச்சிருக்க?"

சொன்னான். அவள் பின்வாசலில் உட்கார்ந்து கேட்டாள்.

"மிஷினுக்குத் தெரியல, மேடத்துக்குத் தெரியல, எல்லாம் சொல்ற. உனுக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் அந்தம்மா பேர சொன்ன?"

"பயத்துல வந்துடுச்சி சாண்ட்ரா."

"பயம் வந்தா உன் பேரு வாயில வரலியே" என்றாள் சாண்ட்ரா. பிறகு, "போய் சரி பண்ணு" என்று உள்ளே போய்விட்டாள்.

லியோனார்டிடம் போனான். அவன் கதையைக் கேட்டு முதலில் சிரித்தான், வீட்டுச் சோதனை வந்ததும் சிரிப்பை நிறுத்தினான். அலமாரியில் துழாவி ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தான்.

"டிஸ்க்க இதுக்குள்ள போட்டு யூஎஸ்பில சொருவு. இது எல்லாத்தயும் பெரிய பெரிய கூறா கட்டிக் காட்டும். ஒத்த ஒத்த மீனா எண்ணிக்கினு இருந்தா உன் டப்பாவுக்கு எண்ணி மாளாது. கூடைக் கணக்குல காட்னா எண்ணிடும். ஆனா முன்னாடி பதிஞ்சதெல்லாம் அழிஞ்சிடும் மாமு, பரவால்லியா?"

லாரிகள் நின்ற படங்கள் அழிந்தால் நாளைக்கும் லாரிகள் நிற்கும் என்றான் நோயல்.

மறுநாள் டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துச் சொருகினான். கம்ப்யூட்டர் கொஞ்சநேரம் யோசித்தது. பிறகு இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் என்று காட்டியது. நோயலுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓடிப்போய் சுயம்புவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தான்.

"பார்த்தீங்களா சார்! எல்லாம் இங்கேயேதான் இருந்தது!"

சுயம்பு பார்த்தார். "வந்துட்டு" என்றார்.

"வரல சார், இருந்தது."

"நேத்து இல்லை, இன்னைக்கு இருக்கு. அப்போ வந்துட்டுன்னுதானவே அர்த்தம். எடுத்தவ பயந்துபோய்த் திருப்பி வச்சிட்டா."

"அவங்க ஆபீசுக்கே வரலியே சார்!"

"அதுதாம்வே அவ சாமர்த்தியம்."

அன்றோடு களவு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாயிற்று. களவுபோகாத பொருள் எப்படித் திரும்பி வரும்? மூவாயிரத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. கடைக்காரர்கள் ஆயிரத்துக்கு ஒரு கணக்கும் கம்ப்யூட்டர் ஆயிரத்துக்கு வேறு கணக்கும் வைத்திருப்பதால் வரும் வித்தியாசம் அது என்று நோயல் சொல்லிப்பார்த்தான். யாரும் கேட்கவில்லை. மாயாவின் மெமரி கார்டை அந்தக் குறையில் வரவு வைத்தார்கள். மிச்சத்தைச் சேதாரம் என்று தள்ளினார்கள்.

அந்த வாரமே பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். களவுபோனதை மீட்டவன் என்று நோயலுக்குப் பொன்னாடை. அதே மேடையில் பச்சையம்மாவுக்குப் பொதுமன்னிப்பு. அவளை வரச்சொல்லி, எல்லோரும் பார்க்கிற மாதிரி சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். துவைத்து மடித்த சேலை கட்டி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தலையைக் குனியவில்லை. யாரையும் பார்க்கவுமில்லை.

சுகிர்தம் மேடம் நோயலுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"ஏழைகள் திருடுவதுண்டு. அதைப் பெரிதுபடுத்துவது நாகரிகமில்லை. எடுத்ததைத் திருப்பி வைத்ததால் இந்தப் பெண்மணியை வாரியம் மன்னிக்கிறது. வேலை தர இயலாது. ஆனால் மன்னிப்பு உண்டு. மன்னிப்புக்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை என்பதால், அதை வாரியம் தாராளமாகவே வழங்குகிறது."

கைதட்டல் எழுந்தது. பச்சையம்மா பையை இன்னும் இறுக்கினாள். நோயலுக்குத் தோளில் கிடந்த பொன்னாடை எரிந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று; அது எடுபடவில்லை. இவர்களுக்குப் புரிகிற பாஷை ஒன்றுதான்.

"நான்தான் எடுத்தேன்" என்றான்.

ஒலிபெருக்கி அதை அறை முழுக்கச் சொன்னது.

"எதை?" என்றார் சுயம்பு.

"ஜிபியை."

"எப்படி?"

"பையில போட்டு."

"எந்தப் பையில?"

"என் சாப்பாட்டுப் பையில."

சுயம்பு திருப்தியாகத் தலையாட்டினார். மேடத்தின் முகம் மழை விட்ட வானம்போலத் தெளிந்தது.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே நோயல்! அன்றைக்கு வந்து கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியவில்லை என்று என்னென்னவோ கதை சொன்னீர்கள். உண்மையைச் சொன்னால் வாரியம் கேட்காதா?" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தொடர்ந்தார். "நிரந்தர ஊழியர் திருடினால் அதற்கு நம்மிடம் தெளிவான விதி இருக்கிறது. ஒப்பந்த ஊழியர் திருடினால் விதி இல்லை. அதனால்தான் இத்தனை நாள் தடுமாறினோம். இப்போது எல்லாம் முறைப்படி வந்துவிட்டது."

பொன்னாடையைத் திரும்ப வாங்குவதா என்று ஒரு கேள்வி வந்தது. போர்த்துவதற்கு விதி உண்டு, உரிப்பதற்கு விதி இல்லை என்றார் சுயம்பு. நோயல் பொன்னாடையோடே விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தான். அவனுடைய ஊதிய உயர்வை நிறுத்திவைத்தார்கள். டிஸ்க் எப்படிப் போகும், எப்படி வரும் என்று அறிந்த ஒரே ஆள் அவன்தான் என்பதால், அதைப் பாதுகாக்கும் பொறுப்பையும் அவனிடமே கொடுத்தார்கள். பச்சையம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மெமரி கார்டு கிடைக்கவில்லை. கணக்கில் வரவு வைத்ததைத் திருப்பித் தருவதற்குத் தலைமையகத்தின் அனுமதி வேண்டுமாம்.

திங்கட்கிழமை காலையில், வேறு யாரும் வருவதற்கு முன்பே நோயல் போய் உட்கார்ந்திருந்தான். பச்சையம்மா துடைப்பத்தோடு வந்தாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவன் மேசையில் வைத்தாள். வறுத்த நெத்திலி.

"துன்னு நைனா. ஊரு ஆயிரம் சொல்லும். வூட்ல இன்னா கஷ்டமோ, எட்த்துட்ட. நாலு பேருக்கு முன்னாடி ஒத்துகினியே, அத்த எவன் செய்வான்? மாயா கூட சொன்னா, அந்த சார் நல்லவரு, போட்டோ போனாப் போவுது வுடும்மான்னு."

நோயல் பொட்டலத்தைத் தொடவில்லை.

"நான் எடுக்கலக்கா" என்றான்.

"இன்னாது?"

"யாருமே எடுக்கல. எதுவும் போகல. பழைய மிஷினுக்குக் கண்ணு தெரியல, அவ்வளவுதான். அது எனக்கு முன்னாடியே தெரியும். அன்னிக்குக் கேட்டப்ப பயந்துபோய், உள்ள நீங்கதான் போவீங்கன்னு நான்தான் உங்க பேர சொன்னேன்."

பச்சையம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்து அவன் காத்திருந்தான். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் வூட்டாண்ட ஆட்டோல வந்து நின்னியே. அப்பவும் உனுக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"அத்த ஏன் சார் இப்ப வந்து சொல்ற?" என்றாள் மெதுவாக. "திருடனாவே இருந்துட்டுப் போயிருக்கலாமே."

பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கமிருந்து பெருக்க ஆரம்பித்தாள். பீரோவுக்கு அடியில், சுயம்புவின் மேசைக்கு அடியில், கம்ப்யூட்டருக்குப் பின்னால், எப்போதும்போல ஒரு மூலை விடாமல் பெருக்கிக்கொண்டு வந்து அவன் நாற்காலியிடம் நின்றாள்.

"கால தூக்கு சார்" என்றாள்.

தூக்கினான். அடியில் பெருக்கிவிட்டு மேடத்தின் அறைக்குப் போனாள். அங்கே பெருக்கும் சத்தம் நின்று, வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகும் அவனுக்குக் காலைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.